கீறிய இடம் வெள்ளை

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, சாயத்தில் தொட்டு, நோட்டுப் புத்தகத்தில் பூப்பூவாகக் குத்தாத பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. அதுவும் புடைப்பு அச்சுதான். மேடு மை வாங்கும், பள்ளம் வெள்ளையாக நின்றுவிடும். மரக்கட்டைக்கும் லினோலியத்துக்கும் இதுவே விதி. ஆனால் அவற்றைச் செதுக்க உளியும் கைப்பழக்கமும் வேண்டும். ஃபோம் ஷீட்டுக்கு மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா போதும்.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஷீட்டில் உள்ளங்கை அகலம் வெட்டிக் கெட்டி அட்டையில் ஒட்டினால் அச்சுக்கட்டை தயார். மணிமணியாக உதிரும் தெர்மாகோல் வேண்டாம். கோடு பிய்ந்துபோகும்.

பென்சில் படத்தை அப்படியே இதில் இறக்கினால் படம் சோபிக்காது. காகிதத்தில் பேனா போன வழி கறுப்பு. ஃபோமில் பேனா போன வழி வெள்ளை. தண்டி யாத்திரை நடந்த 1930-இல் நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கிய ‘பாபுஜி’யைப் பாருங்கள். தடியூன்றி நடக்கும் காந்தி. சுற்றிலும் கறுப்பு; உருவமோ சில வெள்ளைக் கோடுகள்தான். இருட்டை இருட்டாகவே விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் வரைந்திருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தக் கலை பிடிபட்டது.

அதனால் நான் கத்தரிக்காயை எடுத்துக்கொண்டேன். அது தானே இருட்டு. பளபளப்புக்கு ஒரு வளைகோடு, காம்புக்கடியில் நாலைந்து கீறல், முள்ளுக்கு இரண்டு புள்ளி. அழுத்த அழுத்தக் கோடு அகலும். கை தயங்கிய இடம்கூடப் பதிந்துவிடும், அழிக்க வழியில்லை.

மை பரவிய பக்குவத்தைக் காதுதான் சொல்லும். கண்ணாடித் தகட்டில் அச்சு மையை ரப்பர் ரோலரால் உருட்டும்போது முதலில் சளசளவென்று சத்தம். படலம் மெலிந்ததும் பட்டுப்புடவை உரசுவது போல ‘சர்’ரென்று மாறும். அதற்கு முன்பே கட்டையில் மையேற்றினால் பள்ளமெல்லாம் நிரம்பிக் கோடு செத்துவிடும்.

ஜப்பானியக் கலைஞர்கள் மூங்கில் மடல் போர்த்திய ‘பாரென்’ என்ற வட்டத் தட்டால் தாளைத் தேய்ப்பார்கள். என்னிடம் இருப்பது எவர்சில்வர் கரண்டி. அதன் முதுகால் வட்டவட்டமாகத் தேய்த்து, ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரித்தால், இடம் வலம் மாறிப் படம் தாளோடு எழுந்து வரும். எத்தனை தடவை உரித்தாலும் அந்த நொடியில் மூச்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது.

முதல் தாள் வெளிறித்தான் வரும். கட்டையில் மை ஊறிய பிறகு, மூன்றாவது நான்காவதில் கறுப்பு கனக்கும். ஃபோம் மெத்தென்று இருப்பதால் போகப் போக நுண்ணிய கோடுகள் தூர்ந்துவிடும். என் கத்தரிக்காய்க்குப் பதினெட்டாம் தாளில் முள் இரண்டும் மறைந்து, பளபளப்பின் வளைகோடு மட்டும் மிஞ்சியது. அந்தத் தாளைத்தான் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.