கண் சிமிட்டச் சொல்லும் கருவி

சென்ற டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி இராமநாதபுரத்தில் நடந்த ஒரு வேலைவாய்ப்பு முகாமுக்கு எங்கள் கல்லூரி மாணவிகள் மூவரை அழைத்துப் போயிருந்தேன். அவர்களில் ஒருத்தி தங்கச்சிமடத்துக்காரி. பிறவியிலேயே கால்கள் வலுவற்றவள், இரண்டு ஊன்றுகோல்களோடு நடப்பவள். ஒரு நிறுவனத்தின் மேசையில் வழவழப்பான துண்டறிக்கை ஒன்றை அவள் கையில் கொடுத்தார்கள். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து சிரிக்கும் பெண். பின்னால் ஜன்னல், திரைச்சீலை, பூந்தொட்டி. ‘வீட்டிலிருந்தே வேலை. பயணச் சிரமம் இல்லை. குடும்பப் பொறுப்புகளைக் கவனித்துக்கொண்டே சம்பாதிக்கலாம். மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு முன்னுரிமை.’ படித்துவிட்டு அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

“நான் பொறந்ததுலேர்ந்து வீட்டுலதான மேடம் இருக்கேன். காலேஜுக்கு வந்த இந்த மூணு வருசந்தான் வெளிய. மறுபடி அங்கயே போகச் சொல்றாங்க.”

பிரதிகளை வாசிப்பது என் தொழில். அன்று இரவு அந்தத் துண்டறிக்கையையும் ஒரு பிரதியாக எடுத்துவைத்துக்கொண்டு வாசித்தேன்.

‘பயணச் சிரமம் இல்லை’ என்பதை எங்கள் கடற்கரையில் வைத்துப் படிக்க வேண்டும். இராமேஸ்வரம் தீவிலிருந்து இராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை 2022 டிசம்பரில் நிறுத்தினார்கள். புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6 அன்று. இடையில் இரண்டேகால் ஆண்டுகள் ரயில் தீவுக்குள் வரவில்லை. அந்தப் பெண்ணின் கல்லூரிப் படிப்பில் பெரும்பகுதி அந்தக் காலத்தில்தான் போயிற்று. பேருந்துதான் கதி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் உண்டு. நல்ல திட்டம், எங்கள் மாணவிகள் பலர் படிப்பதே அதனால்தான். ஆனால் டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம் என்றவர்கள் படியின் உயரத்தைக் குறைக்கவில்லை. நீதிமன்றம்வரை போராடிய பிறகு 2024இல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. எங்கள் பேருந்தில் அவள் முதலில் ஊன்றுகோல்களை உள்ளே எறிவாள், பிறகு கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறுவாள். ‘பயணச் சிரமம் இல்லை’ என்றால், பேருந்தை மாற்றப் போவதில்லை, நீ வராமல் இருந்துகொள் என்று பொருள்.

இப்படி நான் வகுப்பில் சொன்னபோது இன்னொரு மாணவி என்னோடு சண்டைக்கு வந்தாள். அவளுடைய அக்காவுக்குத் தசைச் சிதைவு நோய். “உங்களுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வருது மேடம். வேணாம்னு சொல்ல உங்களால முடியும். எங்க அக்காவுக்கு அந்தப் போன்தான் கை, காலு எல்லாம்” என்றாள். நியாயம்தான். அதன் பிறகு என் வாதத்தைத் திருத்திக்கொண்டேன். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு உலகெங்கும் ஊனமுற்ற ஊழியர்கள் பல்லாண்டுகள் மன்றாடியிருக்கிறார்கள். நிர்வாகம் நடத்த முடியாது, மேற்பார்வை இருக்காது என்பதுதான் பெரும்பாலும் பதில். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்ததும் அதே வேலைகள் சில நாட்களில் வீட்டுக்குள் போய்விட்டன. கேட்டவளுக்கு மறுத்ததை, கேட்காதவளுக்கு ஒரே வழியாக இப்போது நீட்டுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒருவரின் தேவைக்கேற்ற வசதியைச் செய்துதர மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அக்காவுக்கு வீடு தேவை. தங்கச்சிமடத்துப் பெண்ணுக்குச் சாய்தளமும் கழிப்பறையும் சக ஊழியர்களும் தேவை. எது தேவை என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் இருவரும்தான்.

துண்டறிக்கையின் மூன்றாவது வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ‘குடும்பப் பொறுப்புகளைக் கவனித்துக்கொண்டே.’ ஆண்களுக்கான எந்த வேலை அறிவிப்பிலும் இதை நான் கண்டதில்லை, ஊனமுற்ற ஆண்களுக்கானதிலும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊனமுற்ற ஆண்களில் 47 சதவீதம் பேர் உழைப்பாளர்கள். பெண்களில் 23 சதவீதம். மற்ற 77 சதவீதத்தில் எத்தனை பேர் உண்மையில் சும்மா இருக்கிறார்கள் என்பதை எங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். இவளுக்குக் கல்யாணம் ஆகாது என்று முடிவுகட்டிய அதே வீடு, அண்ணன் பிள்ளைகளையும் படுக்கையிலிருக்கும் அப்பத்தாவையும் அவளிடம் ஒப்படைத்திருக்கும். கருவாட்டைக் காக்கையிடமிருந்து காப்பதும் அவள், கடைக்குட்டிக்குச் சோறூட்டுவதும் அவள். அவளைச் ‘சும்மா இருக்கிறவள்’ என்றே அந்த வீடு அறிமுகப்படுத்தும். இதற்கு மேல் இரவில் தரவுப் பதிவு வேலையும் சேர்ந்தால் இரட்டைச் சுமை மூன்றாகும்.

சம்பளம் அவள் கணக்குக்குத்தானே வரும் என்பார்கள். கணக்கோடு இணைத்த கைபேசி எண் யாருடையது? ஓடிபி அண்ணனுக்குப் போகிறது. நான் விசாரித்த நான்கு பெண்களில் மூவருக்கு அப்படித்தான்.

சரி, இவ்வளவையும் மீறி அவள் டிஜிட்டல் வேலையின் கதவைத் தட்டுகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கதவு திறக்கிறதா?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி முழுப் பார்வையற்றவள். என்விடிஏ என்னும் திரைவாசிப்பானைக் கொண்டு படிப்பவள். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது, தமிழும் வாசிக்கும். சங்க இலக்கியம் பற்றிய என் பாடக்குறிப்புகளைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன், பெருமையாகத்தான். மறுநாள் வந்து, “மேடம், நீங்க குடுத்தது தமிழ்தானா?” என்று கேட்டாள். குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு ஆங்கில விசைகளின் குவியல். ‘தமிழ்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னபோது ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்றது அவளுடைய கணினி. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகும் நான் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பாமினியில்தான் தட்டச்சு செய்தேன். பெண்ணுடலும் மொழியும் பற்றிய ஆய்வு அது. ஒரு பார்வையற்ற பெண் அதை வாசிக்க விரும்பலாம் என்று அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. நான் மட்டுமல்ல; வேலை அறிவிப்புகளும் சுற்றறிக்கைகளும் இன்னும் பல இடங்களில் முத்திரையோடு படமெடுத்த பிடிஎஃப்களாகவே வருகின்றன. அவள் கணினி அவற்றைத் திறந்து, வெற்றுப் பக்கம் என்று அறிவிக்கும்.

இதைவிடக் கொடுமையான கதை உச்ச நீதிமன்றம்வரை போனது. அமில வீச்சிலிருந்து உயிர்பிழைத்த பிரக்யா பிரசூன் 2023இல் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனார். வாடிக்கையாளர் உயிரோடுதான் இருக்கிறார் என்று உறுதிசெய்யக் கேமரா முன்னால் கண் சிமிட்ட வேண்டும் என்றது கேஒய்சி நடைமுறை. அமிலம் சிதைத்த கண்களால் சிமிட்ட முடியவில்லை. வங்கிக் கணக்கு இல்லாமல் எந்த வேலை, எந்தச் சம்பளம்? அவருடைய மனுவையும் அமர் ஜெயின் என்ற பார்வையற்ற வழக்கறிஞரின் மனுவையும் சேர்த்து விசாரித்த நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. 20 வழிகாட்டுதல்களையும் தந்தது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் காரைக்கால் வினோதினி நினைவுக்கு வந்தாள். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த பெண். 2012 நவம்பரில், காதலை மறுத்ததற்காக ஒருவன் அமிலம் வீசினான். பார்வை போயிற்று, 2013 பிப்ரவரியில் உயிரும் போயிற்று. அவள் பிழைத்திருந்தால், 2016 சட்டம் அவளை மாற்றுத்திறனாளி என்று ஏற்றிருக்கும். கேமரா அவளையும் கண் சிமிட்டச் சொல்லியிருக்கும்.

முகாம் வாசலில் வள்ளுவர் படம் போட்ட பதாகை ஒன்று இருந்தது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் பொறியின்மை பற்றிப் பேசும் குறள். டிசம்பர் 3 என்றால் அதுதான். பரிமேலழகர் அங்கே ‘பொறி’யை விதி என்று கொண்டார். நம் மேடைப் பேச்சாளர்கள் உடலுறுப்பு என்று கொள்கிறார்கள். எப்படிக் கொண்டாலும் அறிவுரை அவளை நோக்கித்தான் நீள்கிறது: குறை இருந்தால் குற்றமில்லை, முயலாமல் இருக்காதே. ஊன்றுகோலை எறிந்துவிட்டுப் பேருந்தில் தொங்கி ஏறியவளுக்கு முயற்சி பற்றி வகுப்பெடுக்கிறோம்! தமிழில் இயந்திரத்துக்கும் பொறி என்று பெயருண்டு. அந்தப் பொருளை வைத்துப் பழி யாருடையது என்று எந்த மேடையும் கேட்பதில்லை.

கருவிகளின் மீது எனக்குப் பகையில்லை. இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் சங்கு, பாசிமணி விற்கும் பார்வை குன்றிய அக்கா ஒருவர் தன் தட்டுக்கடையில் க்யூஆர் அட்டையும் பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டியும் வைத்திருக்கிறார். 2016இல் புதிய நோட்டுகள் வந்தபோது, விரலால் அளந்து கண்டுபிடித்த பழைய கணக்கெல்லாம் குழம்பிப் போயிற்று என்பார். இப்போது பெட்டி தமிழில் தொகையைச் சொல்கிறது. “ஐநூறுன்னு சொல்லி நூறு குடுத்துட்டுப் போக முடியாதுல்ல தாயி.” அந்தப் பெட்டியை இவரை நினைத்து யாரும் செய்யவில்லை. கூட்டம் நெரியும் கடைகளில் முதலாளி திரையைப் பார்க்க நேரமில்லை என்பதற்காகச் செய்தார்கள். தற்செயலாக இவருக்கும் பயன்பட்டது. தற்செயலையே நம்பி ஒரு பெண் தொழில் நடத்த வேண்டியிருக்கிறது.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களுக்கு அந்தத் தற்செயலும் வாய்க்கவில்லை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளிலிருந்து பாசியைப் பிய்க்கிறவர்கள். உப்பிலும் பாறையிலும் உரசி ரேகை தேய்ந்த விரலை ரேஷன் கடைக் கருவியில் ஐந்தாறு முறை வைத்து எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இவர்களிடம் ஊனச் சான்றிதழ் கிடையாது. மருத்துவர் 40 சதவீதம் என்று எழுதித் தருகிற ஊனம் அல்ல இது. வேலை செய்ததால் வந்தது. ஆனாலும் கருவியின் முன்னால் சங்கு விற்கும் அக்காவும் இவர்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். பெண்ணியம் பேசும் நாம் உழைக்கும் பெண் என்று ஒருத்தியையும் மாற்றுத்திறனாளி என்று இன்னொருத்தியையும் தனித்தனிப் பிரிவுகளில் வைத்தே எழுதிவந்திருக்கிறோம். என் பழைய கட்டுரைகளும் அப்படித்தான்.

ஊனத்தையும் வேலையையும் பற்றி இந்த மாவட்டத்திலிருந்து எழுதுகிறவள் ஏர்வாடியைத் தாண்டிப் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2016 சட்டம் மனநோய் உள்ளவர்களையும் வேலை இடஒதுக்கீட்டுக்குள் கொண்டுவந்தது. மொத்தம் 4 சதவீதம்; அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளோருடன் அவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதுவும் அரசு வேலைக்கு மட்டும். தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. ஊழியர்களில் 5 சதவீதம் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருந்தால் ஊக்கச்சலுகை என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. டிஜிட்டல் வேலைகளில் பெரும்பகுதி இருப்பதோ தனியாரிடம். நாங்கள் போன முகாமில், மனநோயிலிருந்து மீண்டுவரும் ஒரு பெண்ணுக்கு இங்கே இடமுண்டு என்று சொல்லும் ஒரு மேசைகூட இல்லை. வீட்டிலிருந்து செய்யும் வேலைகளில் விசைப்பலகை ஓய்ந்திருக்கும் நிமிடங்களைக்கூட எண்ணும் மென்பொருள்கள் வந்துவிட்டன. இரவில் போட்ட மாத்திரையால் காலை பத்து மணிவரை தலை தூக்க முடியாத ஒருத்தியின் நிமிடங்களை அது என்னவென்று கணக்கு வைக்கும்?

மண்டபத்து மாணவிக்காக என் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆய்வேடு இன்னும் பாதியில் நிற்கிறது. போன மாதம் அவள் ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தாள். கைபேசி எண் கேட்டது படிவம். அண்ணன் எண்ணைக் கொடுக்க மாட்டேன், சொந்தமாக சிம் வாங்க வேண்டும் என்றாள். இருவருமாக பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனோம். ஆதார் எண், பெயர் எல்லாம் முடிந்து, படம் எடுக்கும் கட்டம் வந்தது. “கேமராவைப் பாரும்மா, கண்ணச் சிமிட்டும்மா” என்றான் கடைப் பையன். பிறகு அவனுக்கே விளங்கி, சங்கடப்பட்டு, சட்டென்று அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பினான்.

“கைய எடுங்கண்ணே” என்றாள். “எந்தப் பக்கம்னு சொல்லுங்க, நானே திரும்புறேன்.”