ஓம் கணக்கால் ஒலியை அளக்கலாமா?

லெஸ் பால் வகைக் கிட்டார்கள் சிலவற்றில் கழுத்துப் பக்கத்து பிக்கப்பில் கார்டு வாசித்தால் தடித்த தந்திகள் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் கேட்கும். பிக்கப்பை மாற்று என்பதுதான் உடனே கிடைக்கும் ஆலோசனை. அதில் உண்மை உண்டு. ஆனால் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் விதம் பல நேரம் அந்தக் கிட்டாரை இன்னும் மந்தமாக்கிவிடுகிறது.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சூழ்ந்த மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும். சுருளின் தூண்டமும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு உச்சத்தை உண்டாக்குகின்றன. அதற்கு மேற்பட்ட அதிர்வெண்கள் சட்டென்று தேய்ந்துவிடும். 4.5 ஹென்றி தூண்டம் கொண்ட ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்பை) 6 மீட்டர் கேபிளில் இணைத்தால் உச்சம் சுமார் 2,800 ஹெர்ட்ஸில் விழும். தூண்டம் 8 ஹென்றியானால் அது 2,100 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே பிக்கப் மாற்றம் வெறும் மனப்பிரமை அல்ல. கிரெட்ச் கிட்டார்களுக்காக ரே பட்ஸ் வடிவமைத்த ஃபில்டர்ட்ரான் இதற்கு நல்ல சான்று: இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர்தான், ஆனால் கம்பிச் சுற்றுகள் குறைவு, ஒலியில் தெளிவு அதிகம்.

தவறு தொடங்குவது சுருளின் மின்தடையைச் சொல்லும் ஓம் எண்ணில். செத் லவர் கிப்சனுக்காக உருவாக்கிய பழைய ஹம்பக்கர்கள் பெரும்பாலும் 7 முதல் 8.5 கிலோ ஓம் வரை இருந்தன. 1970களில் வந்த டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் 13-க்கும் மேல். வால்வு ஆம்ப்ளிஃபயரை உந்தி அதன் ஒலியைச் சிதைப்பதற்காகச் செய்யப்பட்டது அது. அந்த வேலையை அருமையாகச் செய்தது. தெளிவைத் தேடுபவர் ‘பெரிய எண், பெரிய ஒலி’ என்று நம்பி அதே வழியில் போனால் நடுத்தர அதிர்வெண்கள் பெருகும், ட்ரெபிள் இன்னும் மறையும். கம்பி மெலிந்தாலே எண் ஏறிவிடும் என்பதால் ஓம் எண் சுற்றுகளின் எண்ணிக்கையைக்கூட ஒழுங்காகச் சொல்வதில்லை. கேட்க வேண்டியது தூண்டத்தின் அளவை. அதை வெளியிடாத தயாரிப்பாளர்கள் வாங்குபவருக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பிக்கப்பை மாற்றுவது என்ற வரிசையும் தலைகீழாக இருக்கிறது. மேலே சொன்ன 4.5 ஹென்றி ஹம்பக்கரை அப்படியே வைத்துக்கொண்டு கேபிளை மட்டும் 3 மீட்டராக்கினால் உச்சம் 3,700 ஹெர்ட்ஸைத் தாண்டும். வால்யூம் குமிழின் மின்தடை (பாட்) 300 கிலோ ஓமாக இருந்தால் 500 போடலாம். செலவு மிகக் குறைவு. கழுத்துப் பிக்கப்பின் தடித்த தந்திப் பக்கத்தைத் திருகாணியால் கொஞ்சம் இறக்குவதற்குச் செலவே இல்லை. மரத்தின் பங்கு எவ்வளவு என்று இன்றும் வாதாடுகிறார்கள். சர்க்யூட்டின் பங்கை அளந்தே பார்த்துவிடலாம். கிட்டாரின் மஹோகனி மரத்தைக் குறை சொல்வதற்கு முன் பின்மூடியைத் திறந்து பார்ப்பதுதான் முறை.

இத்தனைக்குப் பிறகும் தெளியவில்லையென்றால் கழுத்துப் பக்கம் மட்டும் சுற்று குறைந்த, அல்நிகோ 5 காந்தம் கொண்ட ஹம்பக்கரைப் போடுங்கள். பிரிட்ஜ் பிக்கப் அப்படியே இருக்கட்டும். தீர்ப்பை வீட்டில் மெல்லிய ஒலியில் எழுதாதீர்கள். குறைந்த ஒலியில் நம் காதுக்கே ட்ரெபிள் குறைவாகத்தான் எட்டும். அறையில் இதமாகத் தெரிந்த பிக்கப் டிரம்ஸோடு சேர்ந்து சத்தம் கூடும்போது காதைக் குத்தக்கூடும்.