'தோமாவின் பணிகள்' : சான்றும் எல்லையும்

விவிலியத் திருமுறையில் இடம்பெறாத 'தோமாவின் பணிகள்' கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதெசா நகரச் சூழலில், சிரியாக் மொழியில் தோன்றியது என்பர். இந்நூல் கூறும் குந்தபர் மன்னன் வெறுங்கற்பனை அல்லன்; கொண்டோபாரஸ் என்னும் பெயரில் அவன் 1ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்டதை நாணயங்களும் தக்த்-இ-பாகி கல்வெட்டும் உணர்த்துகின்றன. எனினும், மன்னன் பெயர் மெய்யாதலால் கதை நிகழ்ச்சிகள் மெய்யாகிவிடா. தோமாவை இயேசுவின் இரட்டைச் சகோதரராகக் காட்டும் பகுதி எதெசா கிறித்தவரின் நம்பிக்கையையே புலப்படுத்துகிறது. இயேசுவின் வரலாற்றை அன்று. தோமா கொலையுண்ட இடமாக நூல் சுட்டுவது மஸ்தாய் மன்னனின் நாடு. மயிலாப்பூர் என்னும் பெயர் அதில் இல்லை. ஆகவே, மயிலை மரபுக்கோ திருக்குறளில் கிறித்தவத் தாக்கம் காணும் கருத்துக்கோ இதனை நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அக்காலச் சிரியக் கிறித்தவர் இந்தியாவை எவ்வாறு எண்ணினர் என்பதற்கே இந்நூல் சிறந்த சான்றாகும்.