டிராகன்ஸுக்குக் கோல் காக்க நம்மூர்ப் பையன் எப்போது?

தமிழ்நாடு டிராகன்ஸ் கோப்பையைக் கோட்டை விட்டதற்கு கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்தான் காரணம் என்று சாதிக்கும் ஒரு கட்சி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இன்னமும் இருக்கிறது. 2025 ஜனவரிக் கடைசியில் ரூர்கேலாவில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் அரையிறுதியில் பெங்கால் டைகர்ஸிடம் ஷூட்-அவுட்டில் விழுந்தோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மாவிடமும் 1-2 என்று தோற்றோம். அந்த ஆதங்கம் பத்து மாதம் கழிந்தும் ஆறவில்லை. “முப்பத்தாறு வயசு ஆளுக்கு முப்பத்திரண்டு லட்சமாண்ணா? அந்தக் காசுக்கு இன்னொரு ஃபார்வர்டை எடுத்திருக்கலாமே” என்று ஒரு தம்பி கேட்கிறார். 2026 ஜனவரி 3 அன்று சென்னை எழும்பூரில் அடுத்த சீசன் தொடங்கப் போவதால் பேச்சு மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது.

ஹார்ட்டை எடுத்தது சரியான முடிவு என்பதே என் கட்சி. 2015, 2016 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் உலகின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானவர், அயர்லாந்து அணியின் கேப்டனாக இருந்தவர். கோல்கீப்பருக்கு வயது ஒரு குறையே இல்லை. இந்திய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தன் 36-வது வயதில்தான் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவைக் காப்பாற்றினார். கால் சற்று மெதுவானாலும், எந்த ஆட்டக்காரன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று படிக்கும் கண் வருஷம் ஏற ஏறக் கூர்மையாகும்.

ஷூட்-அவுட்டில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஒருவன் ஓடி வருகிறான். அவனுக்கு இருப்பது எட்டு விநாடி. கீப்பர் வலையை விட்டு முன்னேறி, அவன் பார்வைக்குத் தெரியும் இடைவெளியைச் சுருக்க வேண்டும். முதலில் விழுபவர் தோற்றார். நின்றபடியே அவனை ஓரமாகத் தள்ளி, ரிவர்ஸ் பக்கம் போக வைத்து, எட்டு விநாடியைக் கரைப்பதுதான் வித்தை. இதில் வல்லவரான கீப்பரும் பத்தில் நாலைந்தைத் தடுத்தால் பெரிய விஷயம். ஆக, ஷூட்-அவுட் வரைக்கும் போன தோல்வியைக் கீப்பரின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அறுபது நிமிஷத்துக்குள் ஆட்டத்தை முடிக்க முடியாமல் போனது ஏன் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு 2024 அக்டோபர் ஏலத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஆண்கள் அணிக்கும் கையில் நாலு கோடி ரூபாய். அதற்குள் 24 பேரை எடுத்தாக வேண்டும். அதில் எட்டுப் பேர் வெளிநாட்டவர். டிராகன்ஸ் அதிக விலை கொடுத்தது நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு, 54 லட்சம். அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம். ஹார்ட்டுக்கு 32 லட்சம். மற்ற அணிகளைப் பார்த்தால் சூர்மா ஹர்மன்ப்ரீத் சிங்குக்கு 78 லட்சம் கொடுத்தது. ஹைதராபாத் கொன்சாலோ பெய்லாட்டுக்கு 68 லட்சம் கொடுத்தது. விலைப்பட்டியலின் உச்சியில் பெனால்டி கார்னர் அடிப்பவர்களே அதிகம். கோலை அடிப்பவனுக்கு ஒரு விலை, தடுப்பவனுக்கு அதில் பாதி. சந்தை அப்படித்தான் நினைக்கிறது.

ஆனால் டிராகன்ஸின் தேர்வில் ஒரு நல்ல கணக்கு இருந்தது. அதைப் பலர் கவனிக்கவில்லை. ரோஹிதாஸ் வெறும் தடுப்பாட்டக்காரர் இல்லை. உலகின் தலைசிறந்த ஃபர்ஸ்ட் ரஷர்களில் ஒருவர். பெனால்டி கார்னரில் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். ஓரத்திலிருந்து பந்து தள்ளப்பட்ட அந்தக் கணத்தில், முகக்கவசமும் முழங்கால் கவசமும் போட்டுக்கொண்டு ‘டி’-யின் உச்சியை நோக்கி, அடிக்கப்படும் பந்துக்கு எதிராகவே ஒருவன் பாய்கிறான். அவன்தான் ஃபர்ஸ்ட் ரஷர். அவன் எந்தக் கோட்டில் ஓடுவான் என்பது கீப்பரோடு முன்பே பேசி வைத்தது. கோலின் ஒரு பாதியை அவன் உடம்பால் அடைக்கிறான், மறு பாதி கீப்பர் பொறுப்பு. இந்தப் புரிதல் இருந்தால் 3.66 மீட்டர் அகலக் கோல், கீப்பருக்குப் பாதியாகச் சுருங்கிவிடும்.

பாரிஸில் இதன் விலை என்ன என்று பார்த்தோம். பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் ஸ்ரீஜேஷ் தயவில் ஜெயித்தோம். தடை காரணமாக ரோஹிதாஸ் அரையிறுதியில் இல்லை. அங்கே ஜெர்மனிக்கு முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது. அடித்தவர் இதே பெய்லாட். 2-3 என்று தோற்று, வெண்கலத்தோடு திரும்பினோம். பின்னால் நிற்பவர்களின் மதிப்பை அவர்கள் இல்லாத அன்றுதான் கணக்குப் பார்க்கிறோம்.

எனவே ரோஹிதாஸ், ஹார்ட் ஜோடிக்கு 80 லட்சம் என்பது வீண் செலவு இல்லை. என் குறை வேறு. அணியின் பெயரில் தமிழ்நாடு இருக்கிறது. முதல் சீசனில் ஆண்கள் ஆட்டம் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் நடக்கவில்லை. பெரும்பாலும் ஒடிசாவின் ரூர்கேலாவில்தான். நாம் செல்போனில் பார்த்துக் கைதட்டினோம். அரியலூரிலிருந்து வந்த கார்த்தி செல்வம் டிராகன்ஸ் சட்டையில் இறங்கியபோது மட்டும் நம் பையன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

நம் மாநில ஆட்டக்காரர்களின் வரிசையை நினைத்துப் பார்க்கிறேன். மாஸ்கோ 1980 தங்கத்துக்குக் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன். பிலிப்ஸ், முகமது ரியாஸ், ஆடம் சின்கிளேர். இப்போது கார்த்தியும் கோவில்பட்டி மாரீஸ்வரனும். தமிழ்நாட்டு ஹாக்கி என்றதும் வாயில் வரும் பெயர்கள் எல்லாம் பந்தோடு முன்னே ஓடுகிறவர்கள். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே எழும்பூர் போல ஒரு மைதானப் பாரம்பரியம் இல்லை, கோவில்பட்டி போல ஒரு ஹாக்கி ஊரும் இல்லை. ஆனால் 1972 மியூனிக் வெண்கலத்தில் கண்ணூர் மானுவல் ஃபிரெடரிக், டோக்கியோவிலும் பாரிஸிலும் எர்ணாகுளம் ஸ்ரீஜேஷ். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய இரண்டு கோல்கீப்பர்களை அந்த மாநிலம் கொடுத்திருக்கிறது. ஃபிரெடரிக் 2025 அக்டோபர் கடைசியில் காலமானார். ஹெல்மெட் இல்லாத காலத்தில் கோலில் நின்றவர் அவர்.

ஸ்ரீஜேஷுக்கு கிட் வாங்க அவருடைய அப்பா பசுமாட்டை விற்ற கதை ஊரறிந்தது. எல்லோரும் அதைக் கேட்டு நெகிழ்கிறோம். எனக்குக் கோபம் வருகிறது. காலுக்குப் பேடு, பாதத்துக்குக் கிக்கர், ஹெல்மெட், கழுத்துப் பட்டை, மார்புக் கவசம், இரண்டு கைக்கும் இரண்டு விதக் கவசம், அடி வாங்க கனமான அரைக்கால் சட்டை. இத்தனையும் சேர்ந்தால்தான் ஒருவன் கோலில் நிற்க முடியும். ஃபார்வர்டு ஆக ஒரு ஸ்டிக் போதும். நல்ல கீப்பர் கிட் ஒன்றின் விலையில் ஒரு டீமுக்கே ஸ்டிக் வாங்கிவிடலாம். பள்ளி நிர்வாகம் எதை வாங்கும்?

எங்கள் பக்கத்துப் பள்ளி ஆட்டம் ஒன்றில் பார்த்தேன். செம்மண் தரை. கோலில் நின்ற பையன் கிரிக்கெட் பேடு கட்டியிருந்தான். கிரிக்கெட் பேடு முழங்காலுக்கு மேல் கனமாக இருக்கும், ஆனால் பாதத்தை மூடாது. ஹாக்கியில் கீப்பர் பந்தைத் தட்டி விடுவது பாதத்தால்தான். அவன் இரண்டு முறை காலை நீட்டி, பந்து விரலில் பட்டு, வலியில் உட்கார்ந்தான். மூன்றாவது முறை பந்து வந்தபோது காலை இழுத்துக்கொண்டான். கோல். சுற்றி நின்றவர்கள் திட்டினார்கள். கையும் காலும் நீண்டு, பயமில்லாமல் முன்னே வந்து நிற்கிற பையன் அவன். அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டது பயப்படத்தான். ரிடையர் ஆன பி.டி. மாஸ்டர் ஒருவர் பக்கத்தில் நின்றார். “குள்ளமா, ஓடத் தெரியாதவனா பார்த்து கோல்ல நிறுத்துறாங்க சார். எப்பவோ ஒரு தடவை சரியான பையன் அமைஞ்சா, மாட்டிவிட ஒண்ணும் இல்ல” என்றார்.

2025 நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள், இலவச அனுமதி. காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2-2. ஷூட்-அவுட்டில் இந்தியா 4-3 என்று தப்பியது. எழும்பூர் அரங்கமே பிரின்ஸ்தீப் சிங் பெயரைக் கூவியது. இந்தப் பதான்கோட் பையன் டிராகன்ஸ் அணியில் ஹார்ட்டுக்கு அடுத்த கீப்பராக இருந்து பயிற்சி எடுத்தவர். அப்போது ஜூனியர் அணியின் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். இரண்டு பெரிய கீப்பர்களின் பக்கத்தில் நின்ற பையன் அந்த நெருக்கடியில் அவசரப்பட்டு விழவில்லை. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று அடி வாங்கினாலும், அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் கிடைத்தது. இறுதியில் ஜெர்மனி ஸ்பெயினை வென்றதும் ஷூட்-அவுட்டில், அதுவும் கீப்பர் யாஸ்பர் டிட்சரின் கையால். 32 லட்சம் எங்கே போனது என்று கேட்கும் தம்பிக்கு இதுவே என் பதில். ஒரு பங்கு பிரின்ஸ்தீப்பிடம் போயிருக்கிறது. அதில் இன்னொரு பங்கு காஞ்சிபுரம் மாவட்டத்துப் பையனுக்கும், ராமநாதபுரத்துப் பையனுக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வராததற்குக் காரணம் நிர்வாகம். இருபது ஆண்டுகளில் சென்னை பெயரிலும் தமிழ்நாடு பெயரிலும் மூன்று அணிகளைப் பார்த்துவிட்டோம். 2005-இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ். 2012-இல் உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ். அது ஒரே சீசன், பிறகு சம்பள பாக்கிப் புகார்கள், அதோடு சரி. 2013 முதல் 2017 வரை நடந்த முதல் ஹாக்கி இந்தியா லீக்கில் நமக்கு அணியே கிடையாது. டிராகன்ஸ் வந்தது சார்லஸ் குழுமத்தின் கையில். இரண்டாவது சீசனுக்கே அக்கார்டு குழுமத்தின் பெயரோடு களம் காண்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ருத்ராஸ் செலவு கட்டுப்படியாகாது என்று விலகியே விட்டது. முதலாளி மாறினால் பேனர் மாறும், சட்டை மாறும். ஐந்து வருஷம் கழித்துப் பலன் தரும் வேலையை எந்த முதலாளி தொடங்குவார்? கீப்பர் ஒருவன் முதிர எட்டு, பத்து வருஷம் ஆகும்.

அணி முதலாளிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்திய ஹாக்கியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அமைப்புகள் இருந்த காலம் ஒன்று உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாத அவமானம் அப்போது வந்தது. அதன் பிறகு 2009-இல் ஹாக்கி இந்தியா பிறந்தது. அங்கேயும் ஆயுள் தலைவர், ஆயுள் உறுப்பினர் என்று பதவிகள். 2022 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் அவை சட்டவிரோதம் என்று சொல்லி, நிர்வாகக் குழு ஒன்றை அமர்த்தியது. பழைய தேசிய விளையாட்டு விதிப்படி 70 வயதுக்கு மேல் பொறுப்பில் இருக்கக் கூடாது என்றிருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த புதிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் அதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது.

இந்த 70 எங்களுக்குப் பழகிய எண். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 921-ஐ ஒட்டியது. குடவோலையில் பெயர் இடப்பட வேண்டுமானால் வயது 35-க்கு மேல், 70-க்குள். பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடம் இல்லை. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. ஏரியையும் தோட்டத்தையும் நிர்வகிக்க இத்தனை நிபந்தனை வைத்தவர்களின் ஊரில் இருந்துகொண்டு, மாவட்ட அளவில் விளையாட்டுக்கு வரும் பணம் எதற்குச் செலவானது என்று நாம் கேட்டதே இல்லை. முதலில் அதைக் கேட்க வேண்டும்.

புதிய டிராகன்ஸ் நிர்வாகத்திடம் நான் எதிர்பார்ப்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒரு தாலுகாவுக்கு இரண்டு கீப்பர் கிட், ஒன்று பெரிய அளவு, ஒன்று சிறுவர் அளவு. பள்ளிகள் முறை வைத்து வாங்கிப் பயன்படுத்தட்டும். அணி சென்னையில் இருக்கும் நாட்களில் ஒரு காலை, கீப்பர்களை மட்டும் வைத்து ஒரு பயிற்சி முகாம். ஒரு மாவட்டத்தில் இதைத் தொடங்க, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரின் அடிப்படை விலையான சில லட்சங்கள் போதும். செய்தார்களா இல்லையா என்று சீசன் முடிவில் பத்திரிகைகள் எண்ணிச் சொல்ல வேண்டும். கோல் கணக்கோடு சேர்த்து இதையும் எழுதுவேன்.

ஜனவரியில் எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் போகிறது. செங்கல்பட்டு போய் ரயில் பிடித்தால் எழும்பூரிலேயே இறங்கிவிடலாம். ஆனால் இரவு ஆட்டம் முடிந்து திரும்ப பஸ் கிடைக்காது என்பதால் வேன். கிரிக்கெட் பேடு கட்டி நின்ற பையனுக்கும் அதில் இடம் உண்டு. மாஸ்டர் அவனிடம் இப்போதே சொல்லிவிட்டார்: “பந்து எந்தப் பக்கம் இருந்தாலும் நீ கீப்பர் காலையே பாரு. பந்து அந்தப் பக்கம் போனப்புறம் அவரு எங்க நிக்கிறாரு, யாரைக் கூப்பிட்டு எங்க நிறுத்துறாரு, அதைப் பாரு.” பாதி நேரம் ஒரு கோலுக்குப் பின்னாலும், இடைவேளைக்குப் பிறகு மறு கோலுக்குப் பின்னாலும் உட்காருவதாக ஏற்பாடு.