கொழுப்பை அளக்கிறோமா, பேத்தாலஜிஸ்டின் கண்ணை அளக்கிறோமா?

தானமாக வரும் கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை அகச்சிவப்பு ஒளியை வைத்துச் சில நொடிகளில் சொல்லிவிட முடியுமா? கொஞ்ச நாளாக இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உட்படச் சில இடங்களில் முயன்றிருக்கிறார்கள். யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனா இந்த வகைக் கருவிகளைச் சோதிக்கிற விதத்தில் ஒரு சிக்கல் இருக்கு.

முதலில் பிரச்சினை என்னன்னு பார்த்துடலாம். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரலை எடுக்கும்போது சர்ஜன் கண்ணால் பார்க்கிறார், விரலால் அழுத்துகிறார். மஞ்சள் தட்டியிருக்கா, ஓரம் கூர்மையா இருக்கா, மழுங்கியிருக்கா? இதுதான் முதல் பரிசோதனை. சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கை வெட்டி, உறையவைத்து, பேத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பல சமயம் இது நடுராத்திரியில் நடக்கும். அந்த நேரத்தில் அவர் கிடைக்கணும். கிடைத்தாலும் நேரம் ஓடும். ஐஸில் இருக்கும் கல்லீரலுக்கு ஒவ்வொரு மணியும் கணக்குதான். கொழுப்பு படிந்ததாக இருந்தால் அந்தக் குளிரை இன்னும் குறைவாகவே தாங்கும்.

பெரிய கொழுப்புத்துளி உள்ள செல்கள் 30 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். 60-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். நடுவில் இருப்பதுதான் தலைவலி. மோசமான கல்லீரலை வைத்தால் அது வேலையே செய்யாமல் போகலாம். சில நாட்களிலேயே இன்னொன்று தேட வேண்டிவரும். நல்லதைத் தூக்கிப் போட்டால், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவர் இறந்துபோகலாம். முதல் தப்பு எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது தப்பு யார் கண்ணிலும் படாது.

இங்கேதான் அகச்சிவப்பு வருகிறது. ஒவ்வொரு வேதிப்பிணைப்பும் தனக்கென்று சில அலைநீளங்களை விழுங்கும். கொழுப்பில் உள்ள எஸ்டர் பிணைப்பு 1740 அலையெண்ணை ஒட்டி ஒரு தெளிவான முகடு காட்டும். அண்மை அகச்சிவப்பில் 1210 நானோமீட்டர் பக்கம் கொழுப்பின் தடம் தெரியும். முதல் வகை ஒளி திசுவில் மிகக் குறைந்த ஆழம்தான் போகும். அதனால் கல்லீரலின் மேலுறையைத் தாண்டாது, வெட்டிய துணுக்கு வேண்டும். இரண்டாவது சில மில்லிமீட்டர் போகும். வெட்டாமலே பத்து இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஊசிமுனைத் துணுக்கு ஒன்றை வைத்து ஒன்றரைக் கிலோ உறுப்பைத் தீர்மானிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, சிக்கல் எங்கே? கருவி சொல்வது சரியா என்று எதை வைத்துப் பார்க்கிறோம்? பேத்தாலஜிஸ்ட் சொன்ன சதவீதத்தை வைத்துத்தான். 2009-ல் அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி இதழில் ஒரு கட்டுரை வந்தது. கல்லீரல் நோயியலில் பேர்பெற்ற நாலு பேரிடம் ஒரே ஸ்லைடுகளைக் கொடுத்தார்கள். நாலு பேரின் மதிப்பீடும் ஒத்துப்போகவில்லை. அப்படியென்றால், ஒருவரது கணிப்போடு கருவி ரொம்பவே ஒத்துப்போகிறது என்று ஒரு கட்டுரை சொன்னால், அது கொழுப்பை அளக்கக் கற்றுக்கொண்டதா, அந்த ஒருவரின் கண்ணுக்குப் பழகிவிட்டதா? கோணலான ஸ்கேலை வைத்துப் புது ஸ்கேலைச் சரிபார்க்கிற கதை.

இன்னொன்று, இரண்டும் அளப்பது ஒரே விஷயத்தை இல்லை. 30 சதவீதம் என்று பேத்தாலஜிஸ்ட் சொல்வது கொழுப்பு உள்ள செல்களின் பங்கு. நிறமாலை காட்டுவது கொழுப்பு மூலக்கூறுகளின் அளவு. எம்.ஆர்.ஐ.யில் இந்த வித்தியாசம் ஏற்கெனவே தெரிந்ததுதான்: மைக்ராஸ்கோப்பில் மூன்றில் இரண்டு பங்கு செல்களில் கொழுப்பு தெரியும் கல்லீரலுக்கு, எம்.ஆர்.ஐ. காட்டும் கொழுப்புப் பங்கு கால்வாசியை ஒட்டித்தான் இருக்கும்.

பால் பண்ணைகளில் இதே அகச்சிவப்பை வைத்துத்தான் பல காலமாகப் பாலின் கொழுப்பை அளக்கிறார்கள். அங்கே நம்பிக்கையோடு அளக்க முடிவதற்குக் காரணம், கொழுப்பைத் தனியே பிரித்து எடை போடும் வேதிமுறை ஒன்று உரைகல்லாக இருப்பது. இன்னொரு சூட்சுமமும் உண்டு. கொழுப்புத்துளியின் அளவு மாறினால் ஒளி சிதறி அளவீடு கெடும் என்பதால், கருவிக்குள்ளேயே பாலை அழுத்தித் துளிகளை உடைத்துச் சின்னதாக்கிவிட்டுத்தான் அளக்கிறார்கள். பாலில் துளியின் அளவு ஒரு தொந்தரவு. கல்லீரலில் அதுதான் கேள்வியே! பெரிய துளிதான் ஆபத்து. சின்னத் துளிகள் உள்ள கல்லீரல்களைப் பொதுவாகப் பொருத்துகிறார்கள். மொத்தக் கொழுப்பை மட்டும் சொல்லும் எண், பயன்படும் கல்லீரலையும் சேர்த்துத் தள்ளிவிடக்கூடும். அந்த ஒளிச்சிதறலைப் பிழை என்று கணக்கில் கழித்துவிடாமல், அதிலிருந்தே துளியின் அளவைப் படிக்க முடியுமா என்று பார்ப்பதே எனக்குப் பயனுள்ள வழியாகப் படுகிறது.

கடைசியில் வேண்டியது கொழுப்பின் அளவுகூட இல்லை, அந்தக் கல்லீரல் வேலை செய்யுமா என்பதுதான். பர்மிங்ஹாம் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மற்ற மையங்கள் வேண்டாம் என்று விட்ட 31 கல்லீரல்களை எடுத்து, உடல் வெப்பத்தில் ரத்தம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். 22 தேறின. பெற்றுக்கொண்ட 22 பேரும் 90 நாள் தாண்டி உயிரோடு இருந்தார்கள். சிலருக்குப் பின்னால் பித்தநாளச் சிக்கல் வந்தது உண்மை. ஆனாலும் வேண்டாம் என்ற தீர்ப்பு எத்தனை முறை தப்பாகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. கையடக்கக் கருவி போகக்கூடிய இடங்கள் நிறைய. அதனால் இந்த ஆராய்ச்சி தேவையில்லை என்று சொல்லவே மாட்டேன். அடுத்த கட்டுரையில் நான் தேடப்போவது ஒன்றைத்தான்: கருவி சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில், பேத்தாலஜிஸ்ட் சொன்ன எண் மட்டும் இல்லாமல், அந்தக் கல்லீரலை வாங்கிக்கொண்டவர் என்ன ஆனார் என்பதும் இருக்கிறதா?