பனி இல்லாத சதுப்பு

சதுப்புநிலம் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு அட்டை செய்யச் சொன்னார்கள். வழக்கம்போல முதலில் பின்டரெஸ்டைத்தான் திறந்தேன். பனி மூடிய நீர்நிலை, மரப்பாலம், தூரத்தில் ஒற்றைப் பறவை. ஒன்றைத் தொட்டால் அதே சாயலில் இன்னும் இருபது. அரை மணி நேரத்தில் போர்டு நிறைந்துவிட்டது. அந்தச் சாயலிலேயே சாம்பல் நீலத்தில் வரைந்து அனுப்பினேன். பதிப்பாளருக்குப் பிடித்துவிட்டது. நூலாசிரியர் மட்டும் போனில், "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது நம்ம பள்ளிக்கரணை இல்லையே" என்றார்.

நான் குடியிருப்பதே பள்ளிக்கரணையில்தான். சம்புப் புல், கூழைக்கடா, பருவத்தில் வரும் பூநாரை, பின்னால் பெருங்குடி குப்பைக்கிடங்கு, அதற்கும் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். தினமும் பார்ப்பவை. இவற்றில் ஒன்றுகூட என் போர்டில் இல்லை.

பிறர் படங்களைப் பார்ப்பது தவறென்று சொல்ல வரவில்லை. இங்கிருந்து கிழக்கே, ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் ஐரோப்பிய நவீன ஓவியத்தை நன்கு அறிந்தவர். ஆனாலும் தன்னுடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஜாதகக் கட்டத்தையும் வாசிக்க முடியாத எழுத்துகளையும். ஜாதகம் எதற்கு, யார் எழுதுவது, வீட்டில் அதை எப்படிப் பத்திரப்படுத்துவார்கள் என்பதெல்லாம் தெரிந்தே எடுத்துக்கொண்டார். அவருக்கு அது வெறும் வடிவமல்ல.

2010-இல் தொடங்கிய பின்டரெஸ்டில் கிடைப்பது வெறும் வடிவம்தான். வரைந்தவர் யார், என்ன அளவு, எந்தத் தாள், எந்த ஊர் என்பதெல்லாம் பெரும்பாலும் உதிர்ந்துபோய்ப் படம் மட்டும் வந்து சேர்கிறது. அடுத்த படத்தை அது தேர்ந்தெடுப்பது, நாம் ஏற்கெனவே பார்த்ததோடு உள்ள ஒற்றுமையை வைத்து. தேடத் தேட உலகம் விரிவதில்லை, சுருங்குகிறது. இதே சுருங்கிய உலகத்தைத்தான் மற்ற வடிவமைப்பாளர்களும் பார்க்கிறார்கள். முகமில்லாத பெண், ஒற்றைக் கோட்டில் ஓர் இலை, வெளிறிய பழுப்புப் பின்னணி என்று தமிழ்ப் புத்தக அட்டைகள் ஒன்றுபோல ஆகிக்கொண்டிருப்பது இதனால்தான். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

அட்டைதானே, இதில் என்ன போச்சு என்று கேட்கலாம். கண்ணுக்கு அழகான ஏரியாக இல்லாததால் தரிசு என்று எண்ணப்பட்ட நிலம் இது. குப்பை கொட்டவும் கட்டடம் எழுப்பவும் அந்த எண்ணமே போதுமானதாக இருந்தது. 2022-இல்தான் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சதுப்பு என்றால் பனியும் மரப்பாலமும் என்று பழகிய கண்ணுக்கு, இருநூறடி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது வெளியே தெரிவது வெறும் பொட்டல்தான். அந்தக் கண்ணுக்குத்தான் நானும் தீனி போட்டேன்.

மறுநாள் காலை அந்த ரோட்டோரம் நின்று புல்லையும் குப்பைமேட்டையும் வரைந்து அனுப்பினேன். "குப்பையெல்லாம் எதுக்குங்க அட்டையில?" என்றார் பதிப்பாளர்.

புத்தகம் பனியோடுதான் வந்தது. குற்றம் அவருடையது மட்டுமல்ல. முதலில் பனியைக் காட்டியவன் நான்தானே.