உடல் மாற்றமும் சமூகப் பார்வையும்

அழகு, சமயம், குல அடையாளம் முதலிய காரணங்களுக்காக உடலில் நிலையான குறியையோ வடிவ மாற்றத்தையோ ஏற்படுத்துவது உடல் மாற்றம் எனப்படும். காது குத்துதல், மூக்குக் குத்துதல், பச்சை குத்துதல், காது வளர்த்தல், சூட்டுக்குறி பெறுதல் ஆகியன தமிழகத்தில் வழங்கிவரும் வகைகள். எனினும் இவற்றைச் சமூகம் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவதில்லை.

ஏற்கப்பட்ட மாற்றங்கள்

32 அடி உயர ஆஞ்சநேயர் சிலையால் அறியப்படும் நங்கநல்லூர், தென்சென்னையில் கோயில்கள் செறிந்த பகுதி. இத்தகைய ஊர்களில் தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்திக் காது குத்துவது குடும்ப விழா. வைணவர்கள் சமாச்ரயணத்தின்போது வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் பொறித்த சூட்டுக்குறி பெறுகின்றனர். பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டிலேயே சக்கரப் பொறி பற்றிய குறிப்பு உள்ளது. இவற்றை யாரும் 'உடல் மாற்றம்' என்று அழைப்பதில்லை. சடங்கு என்றே அழைக்கின்றனர்.

இழிவாக்கப்பட்ட மாற்றங்கள்

தென்மாவட்டப் பெண்கள் காது மடலை நீளவளர்த்துப் பாம்படம், தண்டட்டி அணிந்தனர். அது செல்வத்தின் அடையாளமாகவும் பெண்ணின் சொந்தச் சேமிப்பாகவும் இருந்தது. பின்னர் அதுவே பட்டிக்காட்டுத்தனமாகக் கருதப்பட்டு, பலர் வளர்ந்த காதை அறுவை செய்து தைத்துக்கொண்டனர். அந்தத் தையலும் ஓர் உடல் மாற்றமே. ஆனால் அது 'நாகரிகம்' எனப்பட்டது. 2023 இல் வெளிவந்த 'தண்டட்டி' திரைப்படம் இந்நகையை மையமாகக் கொண்டது.

குறவர் இனப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய கோலங்களும் இவ்வாறே மதிப்பிழந்தன. சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906 இல் வெளியிட்ட இனவரைவியல் குறிப்புகளில் இத்தகைய வழக்கங்களுக்கு 'உருக்குலைவும் உறுப்புச் சிதைப்பும்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். காடர்கள் பல்லைக் கூராக்கிக்கொள்வது அவர்களுக்கு அழகு. பதிவு செய்தவருக்கோ சிதைவு. தலைப்பிலேயே தீர்ப்பு அடங்கிவிடுகிறது.

அரசும் உடலும்

பிரித்தானிய ஆட்சியில் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் தண்டனை இருந்தது. 1849 இல் அது நீக்கப்பட்டது. இன்று மத்திய ஆயுதக் காவல் படை ஆள்சேர்ப்பில் சமயச் சின்னம், உருவம், பெயர் ஆகியவற்றை, இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கையில், அவ்வுறுப்பின் கால் பங்குக்கும் குறைந்த அளவில் பச்சை குத்தியிருந்தால் ஏற்கின்றனர். வணக்கம் செலுத்தும் வலக்கை விலக்கப்பட்டுள்ளது. ஆகவே வேலை தேடும் இளைஞருக்கு இது வெறும் ரசனை சார்ந்ததன்று, வாழ்வாதாரம் சார்ந்தது.

மதிப்பீடு

பச்சை குத்துவதை எதிர்ப்போர் பண்பாட்டைக் காரணம் காட்டுகின்றனர். ஆனால் பண்பாடு ஊசியை ஒருபோதும் விலக்கியதில்லை. குத்துபவர் யார், குத்திக்கொள்பவர் எந்தச் சாதி, எந்த வர்க்கம் என்பதை ஒட்டியே மதிப்பு மாறிவந்துள்ளது. பாட்டியின் கையிலிருந்த பச்சைக் கோலத்தை நாணத்துக்குரியதாகக் கருதியவர்களின் பேரப்பிள்ளைகள், அதையே 'டாட்டூ' என்ற பெயரில் பணம் கொடுத்துக் குத்திக்கொள்கின்றனர்.

கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. சம்மதம் முதலாவது: விவரமறியாக் குழந்தையின் காதைக் குத்துவதில் ஐயம் கொள்ளாதவர்கள், வளர்ந்தவர் தாமே தேர்ந்த குறியைக் கண்டிப்பது முரண். தூய்மை இரண்டாவது: ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்கும் பயன்படுத்தினால் கல்லீரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. ஆகிய தொற்றுகள் பரவக்கூடும். இவ்விரண்டும் சடங்குக்கும் பொருந்தும், கடைக்கும் பொருந்தும்.